மில்லுக்கு பாலிசி இருக்கிறது, ஆளுக்கு?

ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை மில் நடத்துகிறேன். மலையில் எந்தத் தொழில்காரரிடம் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டாலும் வரும் பதில், "அதெல்லாம் பேங்க்லயே போட்டுட்டாங்க." போட்டது உண்மைதான். கடன் கொடுத்த வங்கி, தன் பணம் பத்திரமாக இருக்கப் போட்ட தீ பாலிசி அது. 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கென்று 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவைக் குறை சொல்ல மாட்டேன்; மலைக்காரர்களுக்கு வேண்டிய நிலச்சரிவுகூட அதில் அடங்கும். ஆனால் உமி நீக்கும் இயந்திரத்தில் ஒருவர் கை மாட்டினால், அந்த பாலிசியிலிருந்து ஒரு பைசா வராது.

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923-லேயே சட்டமாகிவிட்டது. இ.எஸ்.ஐ. இல்லாத சின்ன இடங்கள் இதற்குத் தனி பாலிசி எடுக்கவேண்டும். அறுவடை முடிந்து சில வாரங்களுக்கு மட்டும் வருகிறவர்களையும் விண்ணப்பத்தில் சேருங்கள். கூலியைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும், கிளெய்மிலும் கைவைப்பார்கள்.

எனக்கு உறக்கம் கெடுவது வண்டியால்தான். 2022 ஏப்ரல் 2, யுகாதி நாளில், புதூர்நாடு பக்கம் சேம்பறை கோயிலுக்கு ஆள் ஏற்றிப்போன சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து, புலியூர்க்காரர்கள் 11 பேர் இறந்தார்கள். பஸ் அரிதான மலையில், "அண்ணா, சந்தை வரைக்கும் ஏத்திக்கோங்க" என்று கைகாட்டுபவரிடம் மறுப்பது கல்நெஞ்சம் போலத்தான் தெரியும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ போகலாம். சும்மா ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2004-ல் பல்ஜித் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலேயே, நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும் தீர்ப்பானது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அது ஆறுதல். வண்டிக்காரருக்குக் காடும் வீடும் போகும். ஏற்றி இறக்கும் ஆட்களுக்காவது கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் எழுதிக்கொள்ளலாம். கைகாட்டி ஏறுகிறவர்களுக்கு வழியே இல்லை. ஏற்றாதீர்கள். டிரைவரிடம் இதைச் சொல்லும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீமன் அருவி பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள் பொதுப் பொறுப்பு பாலிசி பற்றி விசாரிக்கலாம். படி வழுக்கி விழுந்த விருந்தாளியின் ஆஸ்பத்திரி பில்லை தீ பாலிசி கட்டாது.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஆபத்து, பாக்கெட். ஊர்க்காரர் எடுத்த தேனை வாங்கி உங்கள் லேபிள் ஒட்டி சென்னைக்கு அனுப்புகிறீர்களா? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுபவரும் உற்பத்தியாளர்தான். சாப்பிட்டவருக்குக் கேடு வந்தால் வழக்கு உங்கள்மேலும் வரும். இதற்குப் பொருள் பொறுப்பு பாலிசி உண்டு. ஆனால் இவை பெரும்பாலும், கோரிக்கை எப்போது வந்தது என்று பார்ப்பவை. போன வருஷம் விற்ற பாட்டிலுக்கு இந்த வருஷம் நோட்டீஸ் வந்தால், நோட்டீஸ் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்கவேண்டும். முன்தேதியிட்ட பாதுகாப்பும் அந்த விற்பனை வரை எட்டவேண்டும். நடுவில் ஒரு வருஷம் விட்டுவிட்டுப் புது பாலிசி எடுத்தால் அந்த முன்தேதி கைநழுவிப் போகலாம். புதுப்பிக்கும்போது பிரீமியத் தொகைக்கு முன்னால் அந்தத் தேதியைத் தேடிப் படியுங்கள்.