முன்கண்ணாடியில் கீறலா? விடுவதா, பாலிஷா, மாற்றுவதா?

பகலில் கண்ணில் படாத கீறல் இரவில்தான் தன்னைக் காட்டும். எதிரே வரும் லாரியின் ஹை பீம் பட்டதும், வைப்பர் போய்வந்த தடம் முழுக்க வெள்ளை வில்லாகப் பளீரிடும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் சாலையோரம் சைக்கிளில் போகிறவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். அதனால் முன்கண்ணாடிக் கீறலைக் கதவில் விழுந்த கோடு மாதிரி அழகுப் பிரச்சினையாக நினைக்க வேண்டாம். கேட்டால் ஒரு கடைக்காரர் பாலிஷ் போட்டால் போதும் என்பார். இன்னொருவர் கண்ணாடியையே மாற்றச் சொல்வார். இருவரிடமும் போவதற்கு முன் நீங்களே வீட்டில் பார்த்துவிடக்கூடியவை சில உண்டு.

முதலில், அது கீறல்தானா? போர் தண்ணீரில் வண்டி கழுவி வெயிலில் காயவிடுகிறவர்களின் கண்ணாடியில் கால்சியம், மக்னீசியம் உப்பு படிந்து மங்கலான திட்டுகளும் கோடுகளும் வரும். இதையே கீறல் என்று நம்பி பாலிஷுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் உண்டு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பருத்தித் துணியை நனைத்துப் பத்து நிமிடம் கண்ணாடிமேல் போட்டு வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெயிண்ட்மேல் வழிந்தால் உடனே அலசிவிட வேண்டும். மங்கல் போய்விட்டால் வேலை முடிந்தது.

போகவில்லையென்றால் நகத்தை வைத்துப் பாருங்கள். காய்ந்த கண்ணாடியில் கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெல்ல இழுங்கள். தட்டாமல் வழுக்கிப் போனால் மேலோட்டமான கோடு. நகம் சிக்கினால் ஆழமானது. முடிவெடுக்க இதுவே பாதி வழி. மீதிப் பாதி, கீறல் எங்கே இருக்கிறது என்பது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நேரே பார்க்கும் பகுதியில் அது விழுகிறதா, இல்லை ஓரத்தில் கிடக்கிறதா? ஓரத்தில் கிடந்து, இரவில் கண்ணைக் கூசாமலும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கண்ணாடியைத் தேய்ப்பதில் எப்போதும் கொஞ்சம் ஆபத்து உண்டு. தேவையில்லாமல் அதை எதற்கு வரவழைக்க வேண்டும்?

பற்பசை, நெயில் பாலிஷ் வைத்தியங்களை நான் ஒதுக்கிவிடச் சொல்வேன். பல்லின் எனாமலைத் தேய்க்காமலிருக்கத் தயாரித்த பசை, அதைவிடக் கடினமான கண்ணாடியில் பெரிதாக எதையும் தேய்க்காது. கோட்டுக்குள் போய் அடைந்து ஒரு நாள் மறைந்தமாதிரி காட்டும். அடுத்த மழையில் கரைந்துவிடும். நெயில் பாலிஷ் பள்ளத்தை நிரப்பும், ஆனால் அதன்வழியே போகும் ஒளி கண்ணாடியில் வளைவதுபோல வளையாது. கடைசியில் கோடு இருந்த இடத்தில் திட்டு மின்னும். ஹெட்லைட் மங்கலை எடுக்கும் கிட்டோடு வரும் உப்புத்தாளை மட்டும் முன்கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதற்கான உப்புத்தாள் கண்ணாடியில் புதிதாக நூறு கோடு போட்டுவிடும். கல் தெறித்த புள்ளிக்கு ஊற்றும் ரெசினும் இதற்கு ஆகாது. அது உடைந்த பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்கும் சமாச்சாரம்.

நகம் சிக்காத கோட்டுக்கு உண்மையில் வேலை செய்வது சீரியம் ஆக்சைடு பாலிஷ். தண்ணீரோடு சேரும்போது அது கண்ணாடியின் மேல்பரப்போடு வேதிவினை புரிந்துகொண்டே தேய்க்கிறது. அதனால்தான் மற்றப் பவுடர்களைவிடச் சுத்தமாக வருகிறது. பவுடரைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, ஃபெல்ட் பேடில் தடவி, குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்தித் தேய்க்க வேண்டும். கீறலின் இடத்தை உள்பக்கமிருந்து மார்க்கரால் குறித்துக்கொண்டால் தேடவேண்டி வராது. ஸ்பிரே பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். கலவை காய விடக்கூடாது. அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடு ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஏறும் சூடு கண்ணாடியை விரிசல் விட வைக்கும். வெயிலில் நின்ற வண்டியில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நகம் சிக்கும் கோட்டை ஏன் இப்படி எடுக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். பிரெஞ்சு வேதியியலர் எத்வார் பெனெடிக்டஸ் 1909-இல் காப்புரிமை பெற்ற அடுக்குக் கண்ணாடியின் வழிவந்ததுதான் இன்றைய முன்கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே பிவிபி எனும் பிளாஸ்டிக் படலம். வெளித்தகடு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான். ஆழமான கோட்டை மறைக்க, சுற்றியுள்ள கண்ணாடியையும் அதே ஆழத்துக்குக் குறைக்க வேண்டும். அங்கே லேசான குழி விழும்; குழி விழுந்த இடம் லென்ஸ் ஆகிவிடும். அதன்வழியே பார்த்தால் சாலைக்கோடு நெளியும், தூரம் தப்பாகத் தெரியும். கீறலைவிட இது மோசம். கடையில் பாலிஷ் போட்டு வாங்கும்போது, உள்ளே உட்கார்ந்து அந்த இடத்தின் வழியே ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்தபடி தலையை மெதுவாக அசையுங்கள். கம்பம் நெளிந்தால் வேலை சரியில்லை.

நகம் சிக்குகிறது, ஓட்டுநரின் பார்வையில் விழுகிறது, இரவில் கூசுகிறது என்றால் மாற்றிவிடுவதே சரி. பணக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் வைப்பர் போட்ட கோட்டை நாள்பட்ட தேய்வு என்று சொல்லி நிறுவனம் மறுக்க இடமுண்டு. கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸும் போகும். 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் சலுகை அது. கண்ணாடி விலையோடு அதை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். சிறிய கார் என்றால் கைக்காசில் மாற்றுவதே லாபமாக இருக்கலாம்.

புதுக் கண்ணாடியின் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும் யூரித்தேன் பசை இறுகும் முன் வண்டியை எடுக்காதீர்கள்; எத்தனை மணி நேரம் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் முன்கண்ணாடியில் முட்டித்தான் விரிகிறது. பசை பிடிக்காவிட்டால் அதற்கு ஆதாரம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள மாடல் என்றால் அதை மறுபடி அளவு சரிசெய்யச் சொல்லுங்கள்.

பெரும்பாலான கோடுகளைப் போடுவது வைப்பர்தான். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். தூசி படிந்த கண்ணாடியில் தண்ணீர் அடிக்காமல் வைப்பரை ஓட்டினால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். ரப்பர் கிழிந்தால் உலோகமே உரசும். புதுக் கண்ணாடி போட்ட அன்றே பழைய பிளேடைக் கழற்றிப் போடுங்கள். அதன்பின் வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்பாக, புது பிளேடு மாற்றிவிடுங்கள்.