இயந்திரத்தில் போகும் விரல்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பத்தூர், கோவை, ஓசூர் என்று பட்டறைகள் நிறைந்த ஊர்களில், பவர் பிரஸ்ஸில் விரல் இழந்த ஒருவரையாவது அறியாத தொழிலாளி அரிது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் சில பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. அவற்றில் பல, அடுத்த விபத்துக்கு வழி விடுபவை. சில, காப்பாற்றியிருக்கக்கூடிய விரலையும் இழக்க வைப்பவை.

நம்பிக்கை 1: "கவனமா வேலை பார்த்தா கை போகாது."

உண்மை: பத்து நொடிக்கு ஒரு பீஸ் என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்தில் 2,880 முறை கை டைக்குள் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சுக்குள்) போய் வருகிறது. அத்தனை முறையும் கையும் பெடல் மிதிக்கும் காலும் பிசகாமல் ஒத்துப்போக எந்த மனிதராலும் முடியாது. பழைய வகை பிரஸ்ஸில் கிளட்ச்சின் கீயோ ஸ்பிரிங்கோ உடைந்தால், பெடலை மிதிக்காமலேயே ராம் (மேலிருந்து இறங்கி அழுத்தும் பாகம்) இன்னொரு முறை இறங்கும். இருபது வருட அனுபவமும் அங்கே உதவாது. டைக்கு முன்னால் நிலையான தடுப்பு, பீஸைச் சறுக்கி உள்ளே அனுப்பும் அமைப்பு, எடுப்பதற்கு இடுக்கி என்று, கை உள்ளே போகும் தேவையையே இல்லாமல் செய்வதுதான் பாதுகாப்பு. ஆபத்தான பாகங்களை உறுதியாக மறைக்க வேண்டும், அவை ஓடும்போது மறைப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 21-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. உற்பத்தி குறைகிறது என்று இந்தத் தடுப்பை, அதாவது கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விபத்து நடந்ததும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம்.

நம்பிக்கை 2: "சென்சார் மாட்டியாச்சு, இனி பயமில்லை."

உண்மை: கை குறுக்கே வந்ததை ஒளித்திரை சென்சார் கண்டுபிடிக்கும். ஆனால் பிரஸ் உடனே நிற்கக்கூடியதாக இருந்தால்தான் அதனால் பயன். பழைய வகையான கீ கிளட்ச் பிரஸ்ஸில் ராம் இறங்கத் தொடங்கிவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியும் வரை நிற்காது. அதில் சென்சார் மாட்டுவது பொய்யான தைரியத்தை மட்டுமே தரும். நடுவழியில் நிறுத்தக்கூடிய பிரஸ்ஸிலும் தூரம் முக்கியம். கை நொடிக்குச் சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று கொண்டு, ராம் நிற்க எடுக்கும் நேரத்தையும் கணக்கிட்டே சென்சாரைப் பொருத்த வேண்டும். டையை ஒட்டி மாட்டினால், ராம் நிற்பதற்குள் கை உள்ளே போயிருக்கும்.

நம்பிக்கை 3: "கிளவுஸ் போட்டா எல்லா மெஷினும் பாதுகாப்பு."

உண்மை: கூர்மையான தகட்டைத் தூக்கும்போது கையுறை அவசியம். சுழலும் டிரில், லேத் அருகே அதுவே எமன். நூல் நுனி சிக்கினால் போதும், கை முழுவதையும் இழுத்துவிடும். தோல் உரிந்து வந்துவிடும் இத்தகைய காயம், சுத்தமான வெட்டைவிடச் சரிசெய்யக் கடினமானது. மோதிரம், தொளதொளத்த முழுக்கைச் சட்டை, கையில் கட்டிய கயிறு ஆகியவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

நம்பிக்கை 4: "சின்ன ஓட்டைதானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்."

உண்மை: கிரீஸ் கன், பெயின்ட் ஸ்பிரே, கசியும் ஹைட்ராலிக் குழாய் இவற்றிலிருந்து அதிக அழுத்தத்தில் பாயும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே பரவும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளேயோ திசு அழுகத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தப்படுத்தாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம். டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது இதற்குச் சிகிச்சை ஆகாது.

நம்பிக்கை 5: "துண்டானது துண்டானதுதான்." அல்லது, "அப்படியே ஐஸ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க."

உண்மை: இரண்டுமே தவறு. 1963-இல் ஷாங்காயில், பஞ்சிங் மெஷினில் முழுவதும் துண்டான ஒரு தொழிலாளியின் கையை மருத்துவர் சென் ஜோங்வெய் குழுவினர் திரும்பப் பொருத்தினார்கள். 1965-இல் ஜப்பானில் கோமாட்சுவும் தமாயும் துண்டான கட்டைவிரலைப் பொருத்தினார்கள். நசுங்கிய எல்லா விரலையும் பொருத்த முடியாது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் அறுவை மருத்துவர். பட்டறையில் நிற்பவர்கள் அல்ல.

துண்டான பகுதி ஐஸில் நேராகப் பட்டால் திசு உறைந்து கெடும். அழுக்கு இருந்தால் சலைனில் லேசாக அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஸ்பிரிட், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். கம்பியாலோ கயிற்றாலோ விரலை இறுக்காதீர்கள். தொங்கும் பகுதியை வெட்டிவிடாதீர்கள். குளிரில் வைத்த விரல் சுமார் 24 மணி நேரம் வரை தாங்கலாம். மணிக்கட்டுக்கு மேலே என்றால் தசை அதிகம், அவகாசம் மிகக் குறைவு. எனவே கையில் நுண் அறுவை செய்யும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை, ஏழைத் தொழிலாளிக்கும் இந்தச் சிகிச்சை எட்டும்படி செய்தது.

நம்பிக்கை 6: "தப்பு உன்மேல, நீ காண்ட்ராக்ட் ஆளு, ஒண்ணும் கிடைக்காது."

உண்மை: சாதாரணக் கவனப்பிசகு இழப்பீட்டு உரிமையைப் பறிக்காது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த நெறி இது. குடித்திருந்தார், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்பது போன்றவற்றை முதலாளி நிரூபித்தால்தான் விலக்கு. உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அதுவும் செல்லாது. அந்தச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் இழப்பைச் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பாகவும், முழு ஆள்காட்டி விரலை 14 சதவீதமாகவும் கணக்கிட்டது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதன்மை நிறுவனமும் பொறுப்பு. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவருக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் பலன் உண்டு. விபத்தைப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மருத்துவமனையில் "வீட்டில் அடிபட்டது" என்று சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பட்டறை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றி வைத்த கார்டை இன்றே மாட்டுங்கள். ஒவ்வொரு பிரஸ்ஸின் கிளட்ச்சையும் ஷிஃப்ட் தொடங்கும் முன் சோதியுங்கள். சலைன், சுத்தமான துணி, பிளாஸ்டிக் பை, கை அறுவை மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு டை செய்யும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.