இழுப்பு இருந்தாலும் ஆயுள் காப்புறுதி எடுக்கலாம்

குடும்பப் பாடம்: காப்புறுதி

இழுப்பு, முட்டு, தொய்வு, வீசிங், ஆஸ்துமா. எந்தப் பெயரில் சொன்னாலும் நோய் ஒன்றுதான். பனி, ஈரச்சுவர், விறகடுப்புப் புகை, பெக்டரித் தூசி என்று அதைக் கிளப்பிவிடும் காரணங்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. இந்த நோய் உள்ளவர்கள் ஆயுள் காப்புறுதி விஷயத்தில் இரண்டு தவறுகள் செய்கிறார்கள். சிலர், "இழுப்புக்காரனுக்கு யாரு போடுவாங்க?" என்று கேட்டுப் பார்ப்பதே இல்லை. வேறு சிலர் நோயை மறைத்து எடுக்கிறார்கள். இரண்டாலும் நட்டப்படுவது பெண்சாதி பிள்ளைகள்தான். சரியான வழி எது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வாவிக்கரையில் ஒரு குடும்பம்

பதுளையிலிருந்து செங்கலடிக்குப் போகும் வீதி நமக்குத் தெரிந்ததுதான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டுக் கிழக்குப் பக்கம் போய்த் தங்கிய குடும்பங்கள் உண்டு. கலியாணம் முடித்துப் போன பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

மகள் மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் வாழ்கிறாள். மருமகனுக்கு வயது 34. இரண்டு பிள்ளைகள். அறுவடைக் காலத்தில் வயல் வேலை, மற்ற நாட்களில் வாவியில் மீன்பிடி. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மாரி மழையிலும், சூடடிக்கும் தூசியிலும் கூடிவிடும். மாதம் ஒருமுறை கிளினிக் போகிறார்.

காப்புறுதி முகவர் வீட்டுக்கு வருகிறார். மருமகன் மாமியாருக்குப் போன் எடுக்கிறார்.

"மாமி, கிளினிக் போறத எழுதினா கந்தோரில மறுத்துப் போடுவாங்களாம். வருத்தம் ஒண்டும் இல்லையெண்டு போடச் சொல்றார்."

"வேணாம் மருமகன். உள்ளத உள்ளபடி எழுதுங்க. நாளைக்கு நீங்க இல்லாத நேரத்துல எம் மகதானே அந்தக் கந்தோர் வாசல்ல நிக்கணும்?"

மாமியார் சொன்னதுதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

1. ஏன் மறைக்கக் கூடாது?

நம் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது கம்பனிக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது காப்புறுதியின் அடிப்படை விதி. பழைய கட்டளைச் சட்டம் ஒன்று ஆயுள் காப்புறுதியில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றச் சொன்னது. அந்த வழியாகத்தான் இந்த விதி நம் நாட்டுக்கு வந்தது.

காப்புறுதி எடுத்த ஆள் இறந்து குடும்பம் பணம் கேட்கும்போது, கம்பனி மரணச் சான்றிதழையும் ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் பார்க்கும். கிளினிக் கொப்பியில் பல வருட இழுப்பு, படிவத்தில் "நோய் இல்லை" என்றால் பணத்தை மறுக்க இடமுண்டு. வேறு காரணத்தால் இறந்திருந்தாலும் பிரச்சினை வரலாம். "ஏஜன்ட்தான் எழுதினார்" என்பது பெரும்பாலும் எடுபடாது. ஏனென்றால் அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து.

2. கம்பனி என்ன கேட்கும்?

"இழுப்பு உண்டு" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக் கம்பனி முடிவெடுப்பதில்லை. நோய் எந்த அளவில் இருக்கிறது, கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பொதுவாகக் கேட்கும் கேள்விகள்:

- எந்த வயதில் தொடங்கியது? கடைசியாக எப்போது கடுமையாக வந்தது?
- இரவில் தூக்கம் கெடுகிறதா? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாமல் போனது?
- வார்ட்டில் தங்கினீர்களா? தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தீர்களா?
- என்ன மருந்து? பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசை அடிக்கடி தேவைப்பட்டதா?
- சுருட்டு, பீடி, சிகரெட் உண்டா?

டொக்டரின் அறிக்கையும், குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனையும் கேட்கலாம்.

ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். முட்டு வந்ததும் இழுக்கும் இன்ஹேலர் வேறு, முட்டு வராமல் தடுக்கத் தினமும் இழுக்கும் இன்ஹேலர் வேறு. "மருந்து எடுக்கிறேன்னு காட்டினா மறுத்திடுவாங்க" என்று பயந்து தினசரி மருந்தை விடாதீர்கள். ஒழுங்காக மருந்து எடுத்து, வருடக்கணக்காக வார்ட்டுக்குப் போகாமல் இருப்பவரைக் கம்பனி நல்ல கண்ணோடு பார்க்கும். மருந்தை விட்டு இரண்டு தடவை வார்ட்டில் படுத்தவருக்குத்தான் சிரமம். உடம்புக்கும் அதுதான் நியாயம்.

3. என்ன பதில் வரலாம்?

நான்கில் ஒன்று வரும்.

(அ) சாதாரணக் கட்டணத்திலேயே ஏற்பார்கள். லேசான, கட்டுப்பாட்டில் உள்ள இழுப்புக்கு இது நடக்கக்கூடியதே.

(ஆ) மேலதிகக் கட்டணம் கேட்பார்கள். உதாரணமாக, மாதம் 1,000 ரூபா கட்ட வேண்டிய இடத்தில் 25 வீதம் கூட்டினால் 1,250 ரூபா.

(இ) தள்ளிப்போடுவார்கள். அண்மையில் வார்ட்டில் இருந்தவரைச் சில மாதம் கழித்து வரச் சொல்லலாம்.

(ஈ) மறுப்பார்கள். கடுமையான நோய்க்கு இப்படி நடக்கும். ஒரு கம்பனி மறுத்தால் எல்லாக் கம்பனியும் மறுக்கும் என்று இல்லை. ஆனால் "முன்பு எங்காவது மறுத்தார்களா?" என்ற கேள்விக்கும் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

4. கையெழுத்துப் போடுமுன்

தமிழ்ப் படிவம் கேளுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையை வைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒருநாளும் கையெழுத்து வைக்காதீர்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியை வாங்கி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். பத்திரம் வந்த பிறகு பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. எடுத்த பிறகு

தவணை தவறி பத்திரம் காலாவதியானால், மீண்டும் உயிர்ப்பிக்க உடல்நிலையைப் பற்றிப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டி வரும். இழுப்பு உள்ளவருக்கு இது பெரிய இடைஞ்சல். மருமகனைப் போல அறுவடையில் மட்டும் கையில் காசு பார்ப்பவர், வருடத்துக்கு ஒருமுறை கட்டும் வசதி உண்டா என்று கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடி, நாவலடிப் பக்கம் வீடுகளோடு பத்திரங்களும் போயின. ஆகவே பத்திர இலக்கத்தையும் கம்பனியின் பெயரையும் எழுதி, தோட்டத்தில் இருக்கும் தாய் வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். காப்புறுதி எடுத்திருப்பது பெண்சாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் தருவதில் தகராறு வந்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம்.

6. தோட்டத்தில் பெயர் பதிந்தவர்களுக்கு

மருமகனுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டத்தின் 3 வீதமும் போகின்றன. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. இந்தக் காசுக்கு இழுப்பு ஒரு தடை இல்லை. ஆனால் உரித்தாளியாக யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்து, பிறகு மாற்றாமல் விட்டிருக்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்றால் இப்போதே திருத்துங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் இழுப்பு உள்ளவரின் கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது? கடைசியாக வார்ட்டில் இருந்த திகதி அதில் உண்டா?
2. சேமலாப நிதியில் உரித்தாளி யார்?
3. ஏற்கெனவே காப்புறுதி எடுத்தவர் நோயை எழுதினாரா? எழுதாவிட்டால், இப்போதே கம்பனிக்கு எழுத்தில் தெரிவித்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது பேசித் தீர்க்கலாம். பிறகு பேச வேண்டியவள் பெண்சாதிதான்.