பல் ஆடுதுன்னு பிடுங்கினா போதுமா?



போன வருஷம் உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து கடன் பற்றிப் பேசும்போது, அறுபதை நெருங்கும் ஒரு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டே இருந்தார். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா. கீழ்ப்பல்லு ரெண்டு ஆடுச்சு, பிடுங்கிட்டேன். நாலு மாசமாச்சு, குழி இன்னும் மூடல. உதடு வேற மரத்த மாதிரி கெடக்கு" என்றார். வெத்தலையோடு போயிலை அடக்குவதும் அதே பக்கம்தான். பரிசோதனை செய்தபோது, ஈறில் ஆரம்பித்த புற்றுநோய் தாடை எலும்புக்குள் இறங்கியிருந்தது தெரிந்தது.

ஏன் எலும்புக்குப் போகிறது? போயிலையை நாம் அடக்குவது கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில். அந்த ஈறு சில மில்லிமீட்டர் கனம்தான். அதற்குக் கீழே நேராக எலும்பு. பல் விழுந்த இடம் என்றால் நோய்க்கு வழி இன்னும் சுலபம். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்கு உள்ளேதான் ஓடுகிறது. நோய் அதைத் தொட்டால் உதடு மரத்துப் போகும். அந்த அக்கா சொன்னதும் இதைத்தான். "பல்லு புடுங்கின ஊசி இன்னும் எறங்கல" என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்! அந்த ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும், மாசக்கணக்கில் நிற்காது.

"நான் போயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்பவர்களும் கவனியுங்கள். பாக்கு மட்டுமே போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்குப் பழக்கத்தால் கன்னம் நார் போல இறுகி, வாய் திறக்க முடியாமல் போவதும் உண்டு.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், பிடுங்கி மூடாத குழி, திடீரென்று பொருந்தாமல் போன பல்செட், மரத்த உதடு, விரல்கூட நுழையாத வாய், கழுத்தில் கட்டி - இதில் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடை மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் ஒரு ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சம் அடித்து வாய்க்குள் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வெளியானது. கண்ணால் பார்ப்பதற்கே அவ்வளவு பலன்.

மருத்துவமனையில் முதலில் புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். "சதை எடுத்தா பரவிடும்" என்று பயந்து ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும். சதை எடுப்பதால் நோய் பரவுவதில்லை, ஓடி வந்து வீட்டில் உட்காரும் மாதங்களில்தான் பரவுகிறது. அடுத்து தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே. இங்கே ஒரு விஷயம்: எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். கரையான் அரித்த நிலைப்படி வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கும்? அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றாலும் டாக்டர் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினால், "காசு புடுங்குறாங்க" என்று திரும்பி வராதீர்கள். எலும்பின் ஓட்டைப் பார்க்க சி.டி., உள்ளே மஜ்ஜை, நரம்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.

சிகிச்சையில் முக்கியமானது ஆபரேஷன். நோய் எலும்பை ஒட்டி மட்டும் இருந்தால், மேல் விளிம்பைச் செதுக்கிவிட்டு அடிப்பகுதியை விட்டுவைப்பார்கள். முகத்தின் அமைப்பு பெரும்பாலும் மாறாது. உள்ளே புகுந்திருந்தால் அந்தத் துண்டு எலும்பையே எடுக்க வேண்டும். பல்லெல்லாம் விழுந்த வயசானவர்களுக்குத் தாடை மெலிந்திருப்பதால், செதுக்கினால் உடைந்துவிடும் என்று துண்டாகவே எடுப்பதும் உண்டு. எடுத்த இடத்தில் காலிலுள்ள மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு கொண்டுவந்து பொருத்துகிறார்கள். நடப்பது பாதிக்காதா என்று அந்த அக்காவும் கேட்டார். உடம்பின் பாரத்தைத் தாங்குவது பக்கத்திலுள்ள பெரிய எலும்பு. அதனால் பெரும்பாலானோர் பழையபடி நடக்கிறார்கள்.

எலும்புக்குள் போய்விட்டால் சீட்டில் "நாலாம் கட்டம்" என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்த குடும்பங்கள் உண்டு. வாய்ப்புற்றுநோயில் நாலாம் கட்டத்திலும் ஆபரேஷன் செய்யக்கூடியவை இருக்கின்றன. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "எடுக்க முடியுமா, முடியாதா?"

எலும்பு வரை போனவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் கரண்ட் வைப்பார்கள். அதற்கு முன்பே சொத்தைப் பல்லைக் கவனித்துவிட வேண்டும். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால், எத்தனை வருஷமானாலும், எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. ஊரில் பல் டாக்டரிடம் போனாலும் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லுங்கள்.

முதலில் கள்ளக்குறிச்சி அல்லது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குழுக் கடனைப் பஸ் செலவுக்கும் துணைக்கு வருபவரின் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் கேளுங்கள். கிளம்பும்போது பல் பிடுங்கிய சீட்டு, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போடலாம்.