தனித்துச் செய்யும் பயிற்சியும் தளராத வாழ்வும்

கலை என்பது பிறர் கண்டு மெச்சுவதற்காக மட்டும் உள்ளதன்று. ஒருவன் தன்னைத் தானே செம்மைப்படுத்திக் கொள்வதற்கும் அது துணையாகின்றது. பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில் நாள்தோறும் செய்யும் பயிற்சியே உண்மையான தேர்ச்சியைத் தரும். நவீன கராத்தேயின் தந்தை எனப் போற்றப்படும் கிச்சின் புனகோஷி அவர்களின் வாழ்க்கை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இரவிற் பயின்ற கலை

1868 ஆம் ஆண்டு ஒக்கினாவாத் தீவிலுள்ள சூரி நகரிற் பிறந்த இவர், சிறுவயதில் நோஞ்சானாக இருந்தார். அக்காலத்தில் அங்கு கராத்தே மறைவாகவே பயிலப்பட்டது. எனவே, இரவு வேளையில் ஆசான் அசாத்தோவின் வீட்டு முற்றத்திற் பயின்று, விடியும் வேளையில் வீடு திரும்புவார். பகலிற் பாடசாலை ஆசிரியர் பணி. உடல் நலம் தேறியதும் இப்பயிற்சியினாலேயே.

காட்டா என்னும் தனிப்பயிற்சி

காட்டா என்பது எதிராளி முன்னே நிற்பதாக மனத்திற் கொண்டு, தடுத்தலையும் தாக்குதலையும் ஒழுங்குமுறைப்படி தனியே செய்யும் பயிற்சியாகும். இது வணக்கத்துடன் தொடங்கி வணக்கத்துடன் முடியும். இவற்றுள் தெக்கி என்பவை மூன்று. பக்கவாட்டில் ஒரே நேர்கோட்டில் நகர்வதால் இவற்றுக்கு அதிக இடம் வேண்டியதில்லை. இம்மூன்றையும் கற்கவே புனகோஷிக்குப் பத்து ஆண்டுகள் சென்றன. புதியதைத் தேடி ஓடாமல், கற்றதையே மீண்டும் மீண்டும் செய்து ஆழங்காண்பதே அன்றைய ஆசான்களின் முறை.

தனித்துப் பயில்வது குருவின்றிப் பயில்வதன்று என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். பிழையாகப் பழகியது பிழையாகவே உடலிற் படிந்துவிடும். குரு திருத்தித் தருவதை வீட்டிலே தனித்திருந்து உறுதியாக்குவதே மாணவனின் கடமை.

சோதனைக் காலம்

1922 ஆம் ஆண்டு, தமது ஐம்பதுகளில், கராத்தேயைச் செய்து காட்டுவதற்காக ரோக்கியோ சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். குடும்பம் ஊரில் இருக்க, மாணவர் விடுதியொன்றில் தங்கி, கூட்டிப் பெருக்குதல் போன்ற வேலைகளைச் செய்தவாறே கற்பித்தார். பின்னர் சொத்தோகான் என்னும் பயிற்சிக்கூடம் எழுந்தது. ஆனால் 1945 இல் குண்டுவீச்சில் அது அழிந்தது. அதே ஆண்டில், அவருடன் சேர்ந்து கற்பித்து வந்த மகன் நோயினால் இறந்தார். 1947 இல் மனைவியும் மறைந்தார்.

கட்டடம் போயிற்று, துணையும் போயிற்று. ஆயின் உடலிலும் உள்ளத்திலும் ஊறியிருந்த பயிற்சியை எவராலும் பறிக்க முடியவில்லை. முதுமையிலும் அதனைக் கைவிடாது, மீண்டும் ரோக்கியோ சென்று இளையோருக்கு வழிகாட்டினார். 1957 இல் மறையும்போது அவருக்கு வயது 88.

நாம் கொள்ள வேண்டியவை

கராத்தேயில் முதலடி தாக்குதலுக்குரியதன்று என்பதும், பயிற்சி வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்பதும் அவர் வகுத்த இருபது நெறிகளில் அடங்கும். பதக்கம் பெற்றதும் பயிற்சியை நிறுத்துபவனுக்கு அக்கலை ஒரு விளையாட்டு மட்டுமே. நாள்தோறும் சிறிது நேரமாயினும் குறித்த வேளையில் தனித்துப் பயில்பவனுக்கு அதுவே வாழ்க்கை நெறியாகின்றது. கோபம் அடங்குகின்றது, பொறுமை வளர்கின்றது, இழப்பு வந்தபோதும் நிலைகுலையாத திடம் உண்டாகின்றது.

இளஞ்சந்ததியினர் எக்கலையைக் கற்பினும், மேடைக்காக மட்டுமன்றித் தம் வாழ்வுக்காகவும் அதனைப் பயின்று உயர்வார்களாக.