தோளில் ஒரு சாதாரணப் பை

கேமரா வைக்கும் பை கேமராப் பை மாதிரி இருக்கக் கூடாது. பிலிம் கேமராவோடு பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நடக்க ஆசைப்படுகிற இளைஞர்கள் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கறுப்பு நைலான், தடித்த ஸ்பாஞ்ச், மூடியில் கொட்டை எழுத்தில் கம்பெனிப் பெயர் என்று ஒரு பை இருந்தால், உள்ளே இருப்பதன் விலையை மோட்டாரில் வருகிறவன் தூரத்திலேயே கணக்குப் போட்டுவிடுவான்.

திருட்டுப் பயத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கட்டும் அக்கா அப்படிப்பட்ட பையைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பேப்பர்ல போடுவீங்களா தம்பி?" என்று கேட்பார். அதற்குப் பிறகு அவர் கை பழையபடி ஓடாது. சாயம் போன துணிப்பையோடு போய் நின்றால், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, மல்லிகையை எதிரும் புதிருமாக வைத்து நாரைச் சுற்றி இழுத்தபடியே பேசுவார். எனக்கு வேண்டிய படம் அந்தக் கையில்தான் இருக்கிறது. கேமராவை அவர் கண்ணெதிரில்தான் வெளியே எடுக்கிறேன், கேட்டுத்தான் எடுக்கிறேன். சாதாரணப் பை ஒளிந்து படம் பிடிக்க அல்ல. பேச்சு முதலில் வரவும் கேமரா பிறகு வரவும்தான்.

அளவு விஷயத்தில் பலர் கடையில் இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிவிடுகிறார்கள். இன்றைய கேமராப் பைகள் பெரும்பாலும் தடித்த ஜூம் லென்ஸ்களை மனத்தில் வைத்துத் தைக்கப்படுபவை. பழைய பிலிம் கேமராவுக்கு அவ்வளவு இடம் வேண்டாம். 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2வின் உடல் 14 சென்டிமீட்டர் சொச்சம் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம், 540 கிராம் எடை. அதில் ஒரு 50 மி.மீ. லென்ஸ் மாட்டினாலும் முன்பின் ஆழம் 10 சென்டிமீட்டர் உள்ள பை போதும். 25 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அந்தக் கேமரா, ஒலிம்பஸ் எக்ஸ்ஏ போல உள்ளங்கையில் அடங்கும் இன்னொன்று, நான்கைந்து பிலிம் ரோல், ஒரு சின்னக் குடை எல்லாம் அடங்கிவிடும். பை பெரியதானால் லென்ஸ்களும் கூடும், தோள் வலிக்கும், மதியத்துக்குள் நடை நின்றுபோகும்.

மெல்லிய பைதான் நல்ல பை என்பது என் முடிவு. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1970களில் பிலடெல்பியா இன்க்வயரர் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டோம்கி, அன்றிருந்த விறைத்த பெட்டிப் பைகள் பிடிக்காமல், கேன்வாஸ் துணியில் ஒரு தொளதொளப் பையை உருவாக்கினார். அது உடம்போடு ஒட்டிக்கிடக்கும், நடக்கும்போது இடுப்பில் இடிக்காது. பட்டையில் ரப்பர் இழை ஓடுவதால் தோளிலிருந்து வழுக்காது. அந்த டோம்கி எஃப்-2 வகை பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் தோளில் பல காலம் தொங்கியது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் 1973இல் தூண்டில்காரர்களுக்குப் பை தைக்கத் தொடங்கிய நிறுவனம்; புகைப்படக்காரர்கள் அந்தப் பைகளைத் தேடி வாங்கியதைப் பார்த்த பிறகே கேமராப் பக்கம் வந்தது. இரண்டுமே இன்று விலை கூடியவை. பையின் குணம் தெரிந்தால் போதும், அந்தப் பெயர்தான் வேண்டும் என்றில்லை.

நான் செய்வது இதுதான். பசார் மாலாமிலோ சாதாரணப் பைக் கடையிலோ ஒரு கேன்வாஸ் தோள்பை வாங்குகிறேன். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை இவற்றில் ஒன்று. உள்ளே வைக்கத் தனியாக விற்கும் மெத்தைத் தடுப்பு ஒன்றை வாங்கிச் செருகுகிறேன். தடுப்பு தனியாக இருப்பதில் ஒரு வசதி: வீட்டுக்கு வந்ததும் அதை உருவி மின்விசிறிக்குக் கீழே வைக்கலாம், பையைத் துவைத்துக் காயப்போடலாம். பட்டை மெல்லியதாக இருந்தால் தையற்கடையில் கொடுத்து, அடிப்பக்கம் வரை சுற்றிவரும்படி அகலப் பட்டை தைத்துக்கொள்ளுங்கள். மலிவுப் பைகள் முதலில் விட்டுக்கொடுப்பது பட்டையும் பையும் சேரும் அந்த மூலைத் தையலில்தான். அந்த இடத்தைக் கடையிலேயே இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். அப்படியே உங்கள் கேமராவைப் பையில் போட்டு, பையைப் பார்க்காமல் ஒற்றைக் கையால் எடுக்க முடிகிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெல்குரோ வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயிலில் தீபாராதனை நேரத்தில் அதைப் பிரித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் திரும்புவார்கள். ஏற்கனவே இருந்தால் அதன்மேல் ஒரு துணியைத் தைத்து மூடிவிடலாம். காந்தப் பட்டன் பிலிமைக் கெடுக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பிலிமைக் கெடுப்பவை ஒளி, வெப்பம், எக்ஸ்ரே போன்றவை, காந்தம் அல்ல. தோல் பை அழகுதான், ஆனால் நம் வேலைக்கு ஒத்துவராது. கோயிலுக்குள் தோல் பொருளைக் கொண்டுவருவதைச் சிலர் விரும்புவதில்லை, இந்த ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். மெழுகு பூசிய கேன்வாஸையும் யோசித்து வாங்குங்கள். குளிர்நாட்டு மழைக்கு அது நல்லது. நம் வெயிலில் பிசுபிசுத்துச் சட்டையில் ஒட்டுகிறது.

ஈரம்தான் இங்கே உண்மையான எதிரி. கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 60ஐத் தாண்டினாலே லென்ஸுக்குள் பூஞ்சை வளர வாய்ப்புண்டு. தடித்த ஸ்பாஞ்ச் பை வியர்வையையும் மழையையும் குடித்து வைத்துக்கொண்டு, இரவெல்லாம் அதைக் கேமராவுக்கு ஊட்டுகிறது. அதனால் பை என்பது கேமராவைத் தூக்கிச் செல்ல மட்டும், குடியிருக்க அல்ல. வீடு வந்ததும் கேமரா டிரை பாக்ஸுக்குப் போக வேண்டும், உள்ளே ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். மின்சார டிரை கேபினெட் வாங்க வசதியில்லையென்றால், ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றும் போதும். பழைய கேமராக்களின் பின்கதவு ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சுப் பட்டையும் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பிசினாக உருகிவிடும். புடு பிளாசாவில் பழைய கேமரா பார்க்கப் போனால் கதவைத் திறந்து அந்தப் பட்டையை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். அப்படியே உங்கள் கேமராவைப் பையில் போட்டு, பையைப் பார்க்காமல் ஒற்றைக் கையால் எடுக்க முடிகிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

கிள்ளானுக்குக் கொமுட்டரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. கேஎல் செண்ட்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஏசிக் குளிரில் உட்கார்ந்த கேமராவை, நிலையத்தில் இறங்கியவுடன் வெளியே எடுத்தால் லென்ஸ் மூடுபனி பிடித்துவிடும். ஜாலான் தெங்கு கிளானா வரை பையை மூடியே நடந்து, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு எடுங்கள். மாலை இடிமழைக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இரண்டு மடித்து வைத்திருந்தால் போதும்.

சாலையோரம் நடக்கும்போது பை கடைப்பக்கத் தோளில் இருக்கட்டும், வாகனம் எதிரில் வரும் பக்கமாக நடங்கள். குறுக்காக மாட்டுவது ரயிலிலும் தைப்பூசக் கூட்டத்திலும் நல்லது. பத்துமலையில் நான் அதை வயிற்றுக்கு முன்னால் இழுத்து வைத்துக்கொள்வேன், பாலும் திருநீறும் மூடியோடு நின்றுவிடும். ஆனால் மோட்டார்கள் உரசிப் போகும் தெருவில் குறுக்குப் பட்டை ஆபத்து. வழிப்பறிக்காரன் பையை இழுத்தால் பையோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போவான். இந்த நாட்டில் அப்படி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. இழுத்தால் விட்டுவிடுங்கள். கேமராவை இன்னொன்று வாங்கலாம்.

பிலிமுக்கு இரண்டு பாக்கெட் வேண்டும்: எடுக்காத ரோல் ஒன்றில், எடுத்து முடித்தது மற்றதில். எடுத்ததன் நுனியை முழுக்க உள்ளே சுற்றிவிட்டு, டப்பாவின் மேல் தேதியும் ஊரும் எழுதுங்கள். நிறுத்திய காடிக்குள் பையை விட்டுப் போகவே கூடாது, மதிய வெயிலில் பிலிம் வெந்துவிடும். விமான நிலையத்தில் ரோல்களைக் கண்ணாடிப் பையில் தனியாக எடுத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் எந்த வேக பிலிமையும் கெடுத்துவிடக்கூடும்.

புதுப் பை வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவே உங்கள் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் நூல் நூலாக ஏதாவது தெரிந்தால், பைக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். பை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.