வைத்துப் பூட்டிய துணியை வெட்டத் தொடங்குவது

துணியும் நூலும் சேர்ந்துபோன வீடுகளில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதை வைத்து என்ன செய்யலாம்?" கேட்பது இயல்புதான். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் வேலை பெரும்பாலும் வீணாகிப்போகிறது என்பதுதான் இத்தனை காலம் தைத்தும் பின்னியும் நான் கண்டது. ரவிக்கைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவருக்குத் தோன்றுவதெல்லாம் டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, பேனா டப்பாவுக்கு ஒரு சட்டை, சுவரில் மாட்ட ஒரு தொங்கல். உழைப்பெல்லாம் போட்டு முடித்த பிறகு பார்த்தால், பீரோவில் இருந்த குவியல் ஷோகேஸுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். கேள்வியை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். எந்தத் தலையணை உறை நைந்துவிட்டது, அடுப்படியில் பிடிதுணி இருக்கிறதா, கீரையை ஃப்ரிட்ஜில் எதில் சுற்றி வைக்கிறோம், குளிர்காலத்தில் யாருக்குப் போர்வை போதவில்லை? அடுத்த சில மாதங்களில் காசு கொடுத்து வாங்கப்போகிற துணிப்பொருள்களின் பட்டியல் முதலில் வரட்டும். அதில் எதற்கு நம்மிடம் இருக்கும் துணி பொருந்தும் என்று பார்ப்பது இரண்டாவது.

பழந்துணியைக் கலையாக்கிய ஊர்களைப் பார்த்தால் இதே வரிசைதான் தெரிகிறது. வங்காளத்துக் காந்தா, பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டத் தையல் போட்ட போர்வை. தையலுக்கான நூலையே புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி, வெளி ஓரத்தில் தொடங்கி ஒட்டுத்துணிகளைச் சேர்த்துக்கொண்டே நடுவை நோக்கி வரும். ஜப்பானின் வடபகுதியில் பருத்தி விளையாத குளிர் நாட்டில், கிடைத்த கந்தல்களை அடுக்கடுக்காகத் தைத்துப் போட்டுக்கொண்டதுதான் போரோ. இவர்கள் யாரும் மிச்சத்தைத் தீர்க்க வழி தேடவில்லை. குளிர் இருந்தது, படுக்கை வேண்டியிருந்தது, கையில் பழந்துணி இருந்தது. அழகு அந்தத் தேவையின் மேல் வந்து அமர்ந்தது. நம் வீடுகளிலும் பழைய பருத்திப் புடவை தூளியாவதும் அம்மாவின் பட்டு மகளுக்குப் பாவாடையாவதும் இந்த வகைதான். பிள்ளை பிறந்தது, தூளி வேண்டும். அதற்குப் பலமுறை துவைத்து மெத்தென்று ஆன புடவையைவிடப் பொருத்தமான துணி கடையில் இல்லை.

தேவை தெரிந்த பிறகு துணியைப் பிரிக்க வேண்டும். இங்கே எல்லாரும் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்; சிவப்பு ஒருபக்கம், பச்சை ஒருபக்கம். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பிரிவினை எதற்கும் உதவாது. பிரிக்க வேண்டியது இழையை வைத்து. தாம்பூலத்தோடு கைமாறி வரும் ரவிக்கைத் துணிகளில் பருத்தி எது, பாலியெஸ்டர் கலந்தது எது என்று கண்ணால் சொல்வது கடினம். ஓரத்தில் நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். இது வெறும் அறிவுக்காகச் செய்கிற சோதனையில்லை. உருகும் துணியில் பிடிதுணி தைத்தால் அடுப்புத் தீ பட்டதும் அது உருகிக் கையிலேயே ஒட்டும். வியர்வையை உறிஞ்சாத துணியில் தலையணை உறை தைத்தால் மே மாதத்தில் யாரும் அதில் தலைவைக்க மாட்டார்கள். அப்படிப் பயன்படாமல் ஒதுங்கிய கைவேலைகளைப் பார்த்துத்தான் பலர் "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். குறை அவர்கள் தையலில் இல்லை, இழைத் தேர்வில் இருக்கிறது. பாலியெஸ்டர் கலந்ததற்கும் இடமுண்டு: சீக்கிரம் காயும், நிறம் மங்காது. செருப்புப் பை, பயணத்தில் துணி பிரித்து வைக்கும் பை, தையல் மிஷினுக்கு மூடி, இப்படி உடம்பிலும் நெருப்பிலும் படாத இடங்கள்.

அளந்து பார்க்காததால்தான் ரவிக்கைத் துணி எதற்கும் போதாது என்று நினைக்கிறோம். வழக்கமான துண்டு 80 செ.மீ. நீளம், அகலம் 90 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். அகலத்தை இரண்டாகப் பிரித்தால் 45-க்கு 80 அளவில் இரண்டு துண்டுகள். பக்கத்துக்கு ஒரு செ.மீ. தையலுக்குப் போனாலும் 16-க்கு 24 அங்குலத் தலையணைக்கு ஓர் உறையும், உள்ளே மடித்துவிடத் தாராளமாக மடிப்பும் கிடைக்கும். அதே துணியை 15 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 30 சதுரங்கள். தைத்த பிறகு ஒவ்வொன்றும் 13 செ.மீ. நிற்கும். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு அகலத்தில் 12, நீளத்தில் 17 என 204 சதுரங்கள் போதும்; அதாவது ஏழு ரவிக்கைத் துணிகள். அடிப்பக்கத்துக்கு ஒரு பழைய பருத்திப் புடவையை நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் சேர்த்தால் மேல்துணியைவிடப் பெரிதாகவே வரும். ஒரு கொலு சீசனில் வந்து சேர்வதே இதற்கு மேல் இருக்கும் வீடுகள் உண்டு. தலையை மிரட்டும் குவியல், எண்ணாகப் பார்த்தால் ஒரு போர்வை, நான்கு தலையணை உறை என்று அடங்கிவிடுகிறது. ஏதோ ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலையிலிருந்து இந்த வாரம் வெட்டலாம் என்ற நிலைக்கு வர எனக்குத் தெரிந்த ஒரே வழி இன்ச் டேப்தான்.

வெட்டுவதற்கு முன் நனைத்தே ஆக வேண்டும். ரவிக்கைக்கு லைனிங் வைக்கும்போது டெய்லர்கள் அதைத் தண்ணீரில் போட்டு எடுத்து வரச் சொல்வார்களே, அதே காரணம்: புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். புதுத்துணியும் பலமுறை துவைத்த புடவைத் துண்டும் ஒரே போர்வையில் சேர்ந்தால், முதல் துவைப்பில் ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காமல் பரப்பெல்லாம் கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும். மெரூன், கருநீலம், அடர்சிவப்பு ஆகியவற்றை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலச வேண்டும். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. உப்பு சாயம் ஏற்றும்போது உதவுமே தவிர, ஏறிய சாயத்தைப் பூட்டாது. பழைய புடவையென்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் நெட்டுக்கும் குறுக்குக்கும் இழுக்க வேண்டும். சரசரவென்று விடுகிற துணியைப் போர்வையின் மேலே வைத்தால் அடுத்த ஆண்டே ஒட்டுப்போட வேண்டிவரும். அதை நடு அடுக்காக வைத்துக்கொள்ளலாம், அங்கே இழுவை குறைவு.

நூல் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உல்லன் நூல் என்று நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். மதுரை வெயிலில் அதில் பின்னிய ஸ்வெட்டரை யார் போடுவது? அதனால்தான் மிச்ச நூலெல்லாம் வாசல் தோரணமாகவும் சோபா விரிப்பாகவும் ஆகித் தூசி பிடிக்கின்றன. என் யோசனை, நூலைப் பயன்படும் இடத்துக்கு அனுப்புவது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உறவினரோ தெரிந்தவரோ இருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே ஒரு குரோஷா போர்வைக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கிறது, அக்ரிலிக் துவைக்கவும் எளிது. மிச்ச நூலில் எல்லாருக்கும் இருக்கும் பயம், பாதியில் தீர்ந்துவிடுமோ என்பது. சமையலறைத் தராசு அதைத் தீர்த்துவிடும். கண்டை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையிலும் பெருக்கிக்கொண்டே போகும் சதுரமாகப் பின்னுங்கள். எடை பாதிக்கு வந்ததும் குறைக்கத் தொடங்குங்கள். எதிர்மூலை முடியும் இடத்தில் நூலும் ஏறத்தாழ முடியும். கடைசி வரிசைக்கென்று ஓரிரு கிராம் கூடுதலாக விட்டுவைத்தால் போதும். மெல்லிய நூல்கள் இரண்டைச் சேர்த்துப் பின்னினால் தடித்த நூலோடு ஒத்துப்போகும். ஒரு சதுரத்துக்கும் போதாத துணுக்குகளுக்கு நீலகிரித் தோடர்கள் வழிகாட்டுகிறார்கள். அவர்களுடைய பூத்துகுளிப் போர்வையில் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூல் எம்ப்ராய்டரியாக ஓடுகிறது. கட்டைப் பருத்திப் பையின் மேல் தைக்கச் சில முழம் நூலே போதும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு மிதியடி கிடைக்குமே என்பார்கள். நியாயமான கேள்வி. உழைப்புக்குக் கூலி போட்டால் கையால் செய்த எதுவும் கடை விலையை வெல்லாது. பணம் மிச்சமாகும் என்று சொல்லி யாரையும் இதில் இறக்க நான் விரும்பவில்லை. ஆகவே கடை மலிவாகவும் நன்றாகவும் தருவதை நாம் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். மிதியடியைக் கடைக்கே விட்டுவிடலாம். கடை தராதது பழகிய பருத்தியின் மென்மை, நம் கட்டிலுக்கும் நம் தலையணைக்கும் சரியான அளவு, இரண்டாம் முறை துவைத்தாலும் பிரியாத இரட்டைத் தையல். பையும் அப்படித்தான். ஒற்றைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனாலும் காய்கறிக் கடையில் பை எடுத்து வராதவர்கள்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் மனமின்மை இல்லை. கைப்பையில் மடித்து வைக்கும் அளவுக்குச் சிறிய, எடை தாங்கும் பை வீட்டில் இல்லை. மெல்லிய ரவிக்கைத் துணியை இரண்டு மடங்காக்கி, பிடிகளைப் பையின் அடிவரை ஓடவிட்டுத் தைத்தால் அது கிடைக்கும்.

ஒட்டுத்துணி வறுமையின் அடையாளம், விருந்தாளி பார்த்தால் என்ன நினைப்பார் என்ற தயக்கம் நம்மிடம் ஆழமானது. நேராகச் சொல்லாவிட்டாலும் பலர் கையைத் தடுப்பது அதுதான். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், நைந்துபோன வேலைச் சட்டைகளிலும் ஜீன்ஸ்களிலும் தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. அவற்றைப் பார்க்கிறவர் கண்ணில் படுவது துணியின் பழமை இல்லை, நிறங்களை வைத்த துணிவு. இரக்கத்தைத் தூண்டுவது போலிருக்கும் ஒட்டுவேலை எல்லாமே, எல்லா நிறத்தையும் ஒன்றாகக் கொட்டியதாக இருக்கும். ஒரே ஒரு துணி, கோராவோ வெள்ளையோ, ஒன்றுவிட்டொரு சதுரமாக முழுப் போர்வையிலும் திரும்பத் திரும்ப வந்தால் மற்ற எந்த நிறமும் அதற்குள் அடங்கிவிடும். இந்த ஒரு துணியை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். இருப்பதைத் தீர்க்கவா, இன்னும் வாங்கவா என்று கேட்கலாம். சில மீட்டர் கோராத் துணி பீரோவில் கிடக்கும் ரவிக்கைத் துணிகளை வெளியே கொண்டுவருகிறது என்றால், அது வாங்கத் தகுந்த துணிதான்.

நினைவுக்காக வைத்திருக்கும் துணியைப் பற்றி மெதுவாகத்தான் பேச வேண்டும். பாட்டியின் பட்டை வெட்டு என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பூட்டி வைப்பதால் அது காப்பாற்றப்படுகிறது என்ற எண்ணம் தவறு. மடித்தே கிடக்கும் பட்டு, மடிப்பிலேயே இற்றுப்போகும். நாப்தலின் உருண்டை நேரே பட்டால் ஜரிகை கறுக்கும். கஞ்சி போட்ட பருத்தியை வெள்ளிப்பூச்சி தேடிவரும். உறுதியாக இருக்கும் புடவையை வெட்ட வேண்டாம், கட்டிக்கொள்ளுங்கள். அதுவே அதற்குச் செய்யும் மரியாதை. உடல் இற்று, கரையும் முந்தியும் மட்டும் உறுதியாக இருந்தால் அப்போது வெட்டலாம். அடிக்கடி துவைக்கும் பொருளில் அந்தப் பட்டைச் சேர்க்க வேண்டாம். புது ரவிக்கையின் கைக்கோ பேத்தியின் பாவாடை அடிக்கோ கரை போகட்டும். வெட்டும்போது இற்ற பகுதியை முழுதாக விலக்கி, பின்னால் மெல்லிய பருத்தியை வைத்துத் தைத்தால் இன்னும் பல ஆண்டு தாங்கும்.

எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாமே என்போருக்கும் ஒரு வார்த்தை. நல்ல நிலையில் உள்ள உடைகளைக் கொடுப்பது சரி. ஆனால் நாமே தைக்காத ரவிக்கைத் துணியை அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் வைத்து அனுப்புவது குவியலை வேறொரு பீரோவுக்குத் தள்ளுவது மட்டுமே. தில்லியில் 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு வந்து குவியும் துணியை வகைபிரித்த பிறகுதான் எதையும் அனுப்புகிறது. உடுத்த முடியாத பருத்தியை மாதவிடாய்த் துணிகளாகவும், துண்டுகளை விரிப்புகளாகவும் மாற்றுகிறது. கொடுப்பதானாலும் இழை பார்த்து, துவைத்து, எதற்கு ஆகும் என்று தெரிந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

வெட்டி முடித்த பின் மிஞ்சும் துணுக்குகளுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விரல் அகலத்துக்குக் குறைந்ததை மீண்டும் சேர்த்து வைத்தால் ஓராண்டில் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். பருத்தித் துணுக்குகளைப் பொடியாக நறுக்கித் திண்டுக்குள் அடைக்கலாம். ஆனால் அவற்றை நேரே அடைக்காமல் தனி உள்ளுறையில் போட்டுத் தையுங்கள், வெளியுறையைக் கழற்றித் துவைக்க வசதியாக இருக்கும். ஒரு திண்டு நிறையும்வரை ஒரு பை. அது நிறைந்த பிறகு வரும் துணுக்குகள் பக்கத்து மெக்கானிக் கடைக்குப் போகலாம், எண்ணெய் துடைக்கப் பருத்திக் கழிவை அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பாலியெஸ்டரை அதில் கலக்காதீர்கள்.